அண்ணனின் முப்பத்தெட்டு முகங்கள்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அந்த அழைப்பு எனக்குத்தான் வரும். "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, பத்து நிமிஷத்துல வந்துருவாங்க" என்று சொல்வது என் வேலை. ஊருக்குத்தான் உபதேசம். எனக்குப் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அண்ணி சொல்வாள். அவளும் அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருப்பதால், அந்தச் சக்கரத்தின் சத்தம் அவளுக்குத்தான் அதிகம் கேட்கிறது.

போன வருடம் இணையத்தில் 'தினம் ஒரு படம்' என்ற குழுவில் சேர்ந்தேன். அன்றன்று எடுத்த படத்தை அன்றன்றே போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆறு நாள் நிலக்காட்சி, ஞாயிற்றுக்கிழமை முகம் என்று நானே பிரித்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ஓட்டம்தான். தண்ணீர்த் தொட்டி மேடு, ரயில் பாலம், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தரிசு நிலம். போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விட்டால் வானத்தைத் திட்டுவேன். மேகமே இல்லாவிட்டால் அதற்கும் திட்டுவேன்.

முகத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. அக்கம்பக்கத்தில் மூன்று பேர் ஆளுக்கு ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். நாலாவது வாரம் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியவன் அண்ணன். பஸ் டிரைவர். ஞாயிறு காலையில் சமையலறை ஜன்னலோரம் பேப்பரோடு உட்காருவான். கேமராவைப் பார்க்கச் சொன்னால் லைசென்ஸ் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் விறைத்துவிடுவான். அதனால் பக்கவாட்டில்தான் எடுப்பேன். காதிலிருந்து தாடைவரை வெளிச்சம் வழிந்து இறங்கும்.

அண்ணனின் முதல் படத்தைப் போட்ட அரை மணி நேரத்தில், குழுவில் எல்லாரும் நாட்டாமை என்று கூப்பிடும் ஆசாமி ஒரு வரி எழுதினார். 'வெளிச்சம் அருமை. காதுக்குக் கீழே உள்ள மச்சம் மட்டும் கண்ணை இழுக்கிறது.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனைத் தலையணையில் எறிந்தேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், அவர் சொன்னது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த மச்சத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அன்றே படம் திருத்தும் ஆப் ஒன்றை இறக்கினேன். ஒரு வட்டத்தைப் புள்ளியின் மேல் வைத்துத் தொட்டால், பக்கத்துத் தோலை எடுத்து மூடிவிடும். பழைய படத்தை நீக்கிவிட்டுத் திருத்தியதைப் போட்டேன். பாராட்டு குவிந்தது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலை. முதலில் மச்சம், பிறகு வெயில் கறுப்பு, பிறகு கண்ணுக்குக் கீழே சுருக்கம். போனில் இடம் போதாததால், திருத்தி முடித்ததும் அசலை அழித்துவிடுவேன். அண்ணன் அதில் ஒன்றைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டான்.

"கல்யாணத்தன்னிக்குக் கூட இவர் இவ்வளவு லட்சணமா இல்லையே. யாருடி இந்த ஆளு?" என்று அண்ணி கேட்டாள்.

இருநூற்றுத் தொண்ணூறாவது நாள் ஒரு வியாழக்கிழமை. டிரைவர்களுக்கு வருடாவருடம் நடக்கும் உடல் பரிசோதனையில், பணிமனை டாக்டர் அண்ணனின் மச்சத்தைப் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரிடம் எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு அன்று விடுமுறை. மூன்று பேரும் போனோம். காத்திருக்கும் அறையில் என் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணனைப் பற்றிய கவலை என்று சொன்னால் அது பொய். மணி நாலரை. வெளியே நல்ல மேகம் கூடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போக முடியுமா என்பதுதான் என் கவலை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டாக்டர் விளக்கு வைத்த லென்ஸை அண்ணனின் காதுக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பொறந்ததிலிருந்தே இருக்கு டாக்டர்."

"பெருசாகுதா?"

"அதெல்லாம் இல்ல" என்றான். அண்ணியும், "தினம் பாக்கறேன், அப்படியேதான் இருக்கு" என்றாள்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு வருஷமா மாறாம இருந்தா மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். வளர்ந்துட்டு இருந்தா காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். சமீபத்துல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

அண்ணன் சிரித்தேவிட்டான். "போட்டோவா? வாராவாரம் இருக்கு டாக்டர். என் தங்கச்சி எடுக்கறா. காட்டும்மா."

போனைத் திறந்தேன். முப்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தெட்டிலும் அண்ணனின் தாடை கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளபளவென்று இருந்தது. பாலத்தில் எடுத்த நிலக்காட்சி ஒன்றில் அவன் ஓரமாக நிற்பது ஞாபகம் வந்து, அதைத் தேடிப் பெரிதாக்கினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள்தான் தெரிந்தன.

அண்ணன் எட்டிப் பார்த்தான். போனை என் கையிலிருந்து வாங்கி டாக்டரிடம் நீட்டினான்.

"பாருங்க, படத்துல தெரியக்கூட இல்ல. அவ்வளவு சின்னது. நான் மூணு மாசம் கழிச்சே வரேன் டாக்டர். இப்ப லீவு கேட்டா எங்க மேனேஜர் மூஞ்சியைக் காட்டுவாரு."

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தேவிட்டான்.

"அது படத்துல இல்லண்ணா. நான் அழிச்சிட்டேன்."

"எதை?"

"மச்சத்தை. எல்லாப் படத்துலயும். வாராவாரம்."

டாக்டர்தான் கேட்டார். "அழிக்காத படம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த வட்டத்துக்குக் கீழே ஓர் எண் இருக்கும். வட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கான எண். ஆரம்பத்தில் ஆறு வைத்தால் மச்சம் ஒரே தொடலில் போய்விடும். அண்ணன் உட்காரும் இடமும் நான் நிற்கும் இடமும் மாறாததால் அந்த எண்ணை நான் தொடவே இல்லை. நடுவில் ஒரு ஞாயிறு சுற்றிலும் பழுப்பாக ஓரம் மிச்சமிருந்தது. ஆப் மக்கர் செய்கிறது என்று திட்டிக்கொண்டே ஒன்பதாக்கினேன். பிறகு பதினொன்று. போன ஞாயிறு பதிமூன்று வைத்தும் இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. அன்றைக்கும் ஆப்பைத்தான் திட்டினேன்.

இதை டாக்டரிடம் சொன்னேன். என் குரல் லிஃப்டுக்குள் இருந்து பேசுகிறவர்களின் குரல்போல் இருந்தது.

"ஆறுலிருந்து பதிமூணு. நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் எழுதத் தொடங்கினார். "சனிக்கிழமை காலையில வந்துருங்க. எடுத்துரலாம். டெஸ்ட் முடிவு வந்தாத்தான் மத்ததைச் சொல்ல முடியும்."

அண்ணன் மெல்ல உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். "வாராவாரம் பாத்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவன் திட்டியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பேன். "நான் தினம் பக்கத்துலயே இருக்கேன், எனக்கே தெரியலையேங்க" என்று அண்ணி எனக்காகப் பேசினாள். அது இன்னும் வலித்தது.

வெட்டுவதற்கு முன் பதிவுக்கு ஒரு படம் வேண்டும் என்றார் டாக்டர். மேசையிலிருந்த சின்ன ஸ்கேலை எடுத்து மச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "நீங்களே எடுங்க" என்று என்னிடம் சொன்னார். இரண்டு படம் கலங்கிவிட்டன. மூன்றாவது சரியாக வந்தது. ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் கறுப்பு. கீழ் ஓரம் எலி கடித்ததுபோல் ஒழுங்கில்லாமல் இருந்தது.

"எப்படி வந்திருக்கு, காட்டு" என்றான் அண்ணன்.

அப்படியே கொடுத்தேன். கண்ணாடியில் அந்த இடம் அவனுக்குத் தெரியாது. காதைத் தாண்டி ஒளிந்திருக்கும். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் பிடிபடாது. ஒன்பது மாதமாகத் தன் தாடையை அவன் பார்த்ததெல்லாம் நான் கொடுத்த படங்களில்தான். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்றான்.