மண்வெட்டியாகப் படிக்க ஆள் இல்லை

ஐந்தாம் வகுப்பு என்றால் இப்போது பாஞ்சாலி மட்டும்தான்.

பள்ளிக்கூடமே ஒரு கூடம். கதவுக்குப் பக்கத்தில் ஒன்றும் இரண்டும் கலந்து உட்கார்ந்து இரைச்சல் போடும். நடுவில் மூன்றும் நான்கும். தெற்கு ஜன்னலோரம், செங்கல்மேல் வைத்த நீளப் பலகைதான் ஐந்தாம் வகுப்பு. கூடப் படித்த பையன்கள் நாலாவதோடு உத்திரமேரூருக்குப் போய்விட்டார்கள். பாஞ்சாலியும் ஞானசுந்தரியும் மிஞ்சினார்கள். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது ஞானசுந்தரியும் வரவில்லை.

இருவரும் பலகையின் இரண்டு முனையில் உட்கார்ந்து பழகியவர்கள். ஒருத்தி மட்டும் முனையில் உட்கார்ந்தால் பலகை தூக்கிக்கொள்ளும். அதனால் பாஞ்சாலி நடுவில் உட்கார வேண்டியதாயிற்று.

வேதகிரி வாத்தியார் தினமும் இரண்டு பெயரையும் கூப்பிட்டார். தன் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்ப்பாள். வாத்தியாரும் பார்ப்பார். பிறகு மற்ற வகுப்புகளைக் கவனிக்கப் போய்விடுவார். கணக்குப் போட்டு முடித்தால் விடை சரியா என்று கேட்க ஆள் இல்லை. "அஞ்சாவதுல நீதாங்க்கா ஃபர்ஸ்ட்டு, நீதான் லாஸ்ட்டு" என்றான் இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலியும் சிரித்துவைத்தாள்.

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு உரையாடல் பாடம் இருந்தது. எழுதுகோலுக்கும் மண்வெட்டிக்கும் யார் பெரியவர் என்று சண்டை. பாஞ்சாலி எழுதுகோல், ஞானசுந்தரி மண்வெட்டி. மண்வெட்டியின் பேச்சு முழுக்க 'ழ' வந்தது. அந்த ஊரில் யார் வாயிலும் 'ழ' வராது. மழை மயைதான், பழம் பயம்தான். நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தடவும்படி வாத்தியார் சொல்லிக்கொடுக்க, பாஞ்சாலி எப்படியோ பிடித்துக்கொண்டாள். ஞானசுந்தரிக்கு வரவேயில்லை.

"நாக்கு இன்னா வெத்தலயாடி, மடிக்கறதுக்கு?" என்று ஞானசுந்தரி பாஞ்சாலியின் காதில் கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். அப்படியும் அவள் மண்வெட்டியாகப் படித்தால் கூடமே அமைதியாகும். இடுப்பில் கை வைத்து, அசல் சண்டைக்காரி மாதிரி படிப்பாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாத்தியார் அறிவித்தார். ஐந்தாம் வகுப்பு அந்தப் பாடத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஞானசுந்தரியைக் கூட்டிவரத் தான் காலனிக்கு நடந்ததில் பலனில்லை என்றும், பாஞ்சாலி கூப்பிட்டால் ஒருவேளை அந்தப் பெண் வரலாம் என்றும் சொன்னார். பாஞ்சாலிக்கு அது போதும். அந்த ஒரு நாள் வந்துவிட்டால், மண்வெட்டியாக ஒரு முறை படித்துவிட்டால், அப்புறம் அவளே தினமும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தேட வேண்டிய தூரமும் இல்லை. ஞானசுந்தரி நாற்று நட்டுக்கொண்டிருந்தது பாஞ்சாலியின் அப்பா சின்னராசுவின் கழனியில்தான்.

சாயங்காலம் நடவுக்காரர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு பாஞ்சாலி போனாள். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாக நகர்ந்தபடி நாற்று ஊன்றினார்கள். கடைசியில், தன் அம்மா மேரிக்குப் பக்கத்தில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஞானசுந்தரி. பாஞ்சாலி வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. "இன்னாடி" என்று ஆரம்பித்தாள்.

மேரி முழங்கையால் அவளை இடித்தாள். "இன்னாடியாவது கின்னாடியாவது? பாப்பான்னு சொல்லு. அவங்க நைனா அங்க நின்னுகினு கீறாரு."

ஞானசுந்தரி அம்மாவைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். "இன்னா பாப்பா?" என்றாள்.

பாஞ்சாலிக்கு மோர்ச் சொம்பு திடீரென்று கனத்தது. இன்ஸ்பெக்டர் வருகிற விஷயத்தைச் சொன்னாள். எழுதுகோலையும் மண்வெட்டியையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் அனுப்பும்படி மேரியைக் கெஞ்சினாள். நடவு முடிந்தால் களை வரும், வீட்டில் சின்னது ரெண்டு கீது, இதில் எந்த நாள் பாப்பா அனுப்புவது என்று மேரி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மோரை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே கேட்டாள்.

வீட்டில் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கைகழுவிக்கொண்டே பேசினார்.

"நாத்து புடுங்கி கட்டு போட்டாச்சு. ஒரு கை கொறஞ்சாலும் காஞ்சி பூடும். உன் படிப்ப நீ பாரும்மா."

"நம்ம கழனிதானே நைனா?"

"நம்ம கழனின்னாதான் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வாத்தியாரின் நாற்காலியில் உட்கார்ந்து, பொடியன்களை வாய்ப்பாடு சொல்லவைத்தார். ஐந்தாம் வகுப்பின் முறை வந்ததும், நாலாம் வகுப்பிலிருந்து ஒரு பையனை மண்வெட்டியாகப் படிக்க வாத்தியார் எழுப்பினார்.

"நானே ரெண்டும் படிக்கிறேன் சார்" என்றாள் பாஞ்சாலி.

பலகையின் ஒரு முனைக்குப் போய் நின்றாள். எழுதுகோலின் பேச்சைப் படித்தாள். 'எழுத்து', 'புகழ்', 'தமிழ்' எல்லாம் சுத்தமாக விழுந்தன. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பிறகு மறுமுனைக்கு நடந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"உயவன் உயாவிட்டால் உலகம் ஏது?"

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். உழவன் என்று சொல்லச் சொன்னார். உழவன் என்று திருத்தமாகச் சொன்னாள். சரி, மேலே படி என்றார்.

"நான் புயுதியில் கிடந்தாலும் என் உயைப்பில் வாயும் இந்த ஊர்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. "இப்போதுதானே ஒழுங்காகச் சொன்னாய். வேண்டுமென்றே செய்கிறாயா?"

"அது எழுதுகோல் சார். அது நான். இது ஞானசுந்தரி படிக்கறது. அவளுக்கு இப்படித்தான் வரும்."

ஞானசுந்தரி யார் என்று அவர் வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வாய்க்காலுக்கு அப்பால், நடவு வரிசை தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பாஞ்சாலியை உட்காரச் சொன்னார். பொங்கலிலிருந்து வராத பிள்ளையின் பெயரை இன்னும் ஏன் கூப்பிடுகிறீர்கள், எடுத்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் தணிந்த குரலில் சொன்னார். வாத்தியார் சரி சார் என்றார். பாஞ்சாலி பலகையின் முனையில் உட்கார, பலகை மறுபக்கம் தூக்கிக்கொண்டது. எழுந்து நடுவுக்கு நகர்ந்தாள்.

மணி அடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. புத்தகப் பையோடு நேராகக் கழனிக்கு ஓடினாள். கடைசிப் பாத்தியில் நடவு நடந்துகொண்டிருந்தது. மேரி தூரத்தில், வாய்க்கால் மதகுப் பக்கம் நாற்றுக்கட்டு எடுக்கப் போயிருந்தாள். வரிசையின் கடைசியில் ஞானசுந்தரி தனியாக நின்றாள்.

"மம்முட்டி யாரு படிச்சது?" என்று அவளே கேட்டாள். தலை குனிந்தேதான் இருந்தது.

"நான்தான்."

"ஒய்ங்கா படிச்சியா?"

"உன்ன மாதிரியே படிச்சேன். உயவன்னு சொன்னேன். இன்ஸ்பெக்டர் திட்டினாரு."

ஞானசுந்தரியின் தோள் குலுங்கியது. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த அதே குலுங்கல். பாஞ்சாலி வரப்பில் உட்கார்ந்து கால்களைச் சேற்றுப் பக்கம் தொங்கவிட்டாள். பேச இன்னும் நிறைய இருந்தது. பலகை தூக்கிக்கொள்வது, பொடியன் கேலி செய்தது, எல்லாம்.

ஞானசுந்தரி முதுகை நிமிர்த்தினாள். புறங்கையால் நெற்றிச் சேற்றைத் துடைத்தாள்.

"நீ போ பாப்பா" என்றாள். "ஒங்க நைனா வராரு."

பாஞ்சாலி சட்டென்று எழுந்து திரும்பிப் பார்த்தாள். வரப்பு நெடுக வெயில்தான் இருந்தது. யாரும் வரவில்லை. மேரி இன்னும் மதகுப் பக்கமே நின்றாள்.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, ஞானசுந்தரி குனிந்து, மற்றவர்களோடு பின்பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.