பரிசமாக வந்த மடவை மீன்

கோரை அறுக்கப் போன என் மகள் கின்துராய் இருட்டிய பிறகும் திரும்பவில்லை. படகு மட்டும் காலியாக மிதந்து வந்தது. மறுநாள் முழுக்க ஆண்கள் புடி ஏரியைத் துழாவினார்கள். அதற்கடுத்த நாள் விடிந்தபோது என் வீட்டுக்கு நேரே கரையில் மடவை மீன் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எல்லாரும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"அண்ணி, சும்பால் பரிசம் அனுப்பிட்டான்" என்றான் கொழுந்தன் செகுந்தோ.

சும்பால் எங்கள் ஏரிக்கு உடையவன், தண்ணீருக்கு அடியில் குடியிருக்கும் தெய்வம். பெண்ணைக் கொண்டுபோனால் சும்மா கொண்டுபோக மாட்டான், பெண் வீட்டுக்கு மீன் அனுப்புவான். அந்த மீனைப் பெண் வீட்டார் தின்றுவிட்டால் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு அவளைத் தேட எவனும் படகு எடுக்க மாட்டான். என் புருஷன் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டான். ஆக, பெண் வீடு என்றால் நான்தான்.

சும்பால் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முறை என்று ஒன்று கிடையாதா? பெண் கேட்டு ஒரு ஆள் வந்தானா? என் பெண்ணுக்குச் சம்மதமா என்று யாருக்குத் தெரியும்?

"மேற்கால இருக்கற கோரைத் திட்ட இன்னும் பாக்கலையே" என்றேன்.

"அங்க பூரா சேறு அண்ணி. அவ அங்க இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாளா?"

"காத்து எதிர்ல அடிக்குது. நீ கத்துனாலே உன் பொண்டாட்டிக்குக் கேக்காது."

"அவளுக்குப் பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது அண்ணி."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். யாரும் படகு எடுக்கவில்லை. அண்ணி சரி என்று சொல்லட்டும், இல்லை என்று சொல்லட்டும் என்று போஞ்சோவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்பை எடுத்துக்கொண்டு மீனுக்குக் காவல் நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? ஒரு இடத்தில் கால் நின்றால்தானே! கடற்காக்கைகளை விரட்டினேன், நாய்களை விரட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி கூடையோடு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேனே."

"எடுத்துப் பாரு, கை இருக்காது."

உச்சிவேளையில் செகுந்தோவின் பெண்டாட்டி எர்மினியா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். மிளகாய்ப்பொடி தூக்கலாகப் போட்டிருந்தாள், வாசனையே மூக்கில் ஏறியது.

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்கல நீ. உருளைக்கிழங்குக் கஞ்சிதான், குடி அக்கா."

ஏரியைப் பார்த்தபடியே குடித்தேன். காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகின. கடைசி வாயில் மெல்லிசாக ஒரு முள் நாக்கில் குத்தியது.

துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மீன் முள்.

"என்னடி இது?"

எர்மினியா அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ நாயத் துரத்தப் போனப்ப ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். போதும் அக்கா. இவரு தூங்கியே ரெண்டு நாளாச்சு. அந்தச் சேத்துல இவரையும் ஏரி வாங்கிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? முடிச்சு விட்டுடு. அவ அங்க நல்லாத்தான் இருப்பா."

உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். அதுவும் என் வாயாலேயே.

பாவி மகளை அறையக் கை ஓங்கினேன். அறைந்து என்ன ஆகப்போகிறது? அப்படியே ஏரிக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, விரலைத் தொண்டைக்குள் விட்டேன். கிழங்கு, காரம், மீன் எல்லாம் குமட்டிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது.

"டேய் சும்பால்! இந்தா உன் பரிசம்! ஏமாத்திக் குடுத்தது என் வயித்துல தங்காது! என் பொண்ணக் குடுடா!"

கரைக்கு ஏறி மீனைக் கை கையாக அள்ளி வீசினேன். சில மீன் தண்ணீருக்குள் முங்கின, சில மல்லாந்து மிதந்தன. கொஞ்ச நேரத்தில் எர்மினியாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அள்ளி வீச ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"செகுந்தோ! ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசறவன்தானே நீ? பரிசத்தத் திருப்பிக் குடுத்தா கல்யாணம் உண்டா, இல்லையா?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லதான் அண்ணி."

"அப்ப அவ இன்னும் என் வீட்டுப் பொண்ணு."

நான் படகைத் தள்ள, அவன் என் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினான். "முன்னால உக்காருங்க. நீங்க துடுப்புப் போட்டா படகு வட்டந்தான் சுத்தும்."

கோரைத் திட்டில் படகு இரண்டு முறை சேற்றில் சிக்கியது. அவன் இறங்கித் தள்ளினான். அவன் இடுப்பளவு புதையும்போதெல்லாம் எனக்கு எர்மினியாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. தொண்டை புண்ணாகும் வரை கூப்பிட்டேன். கோரைக்குள் ஏதோ அசைந்தது.

கின்துராய்தான். ஒடிந்த கோரைமேல் படுத்துக் கிடந்தாள். ஒரு கால் வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது, கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"பசிக்குதும்மா. வீட்டுல மீன் ஏதாச்சும் இருக்கா?"

செகுந்தோவின் கையில் துடுப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இல்லடி. நம்ம வீட்டுல இனிமே மீனே கிடையாது" என்றேன்.