கேனில் மிச்சமிருந்த டீசல்

ஓடுகிற இன்ஜினுக்கு டீசல் ஊற்றும்போது ஆளையே தீ சுற்றிக்கொண்டது என்று ஒரு பெண் போனில் சொன்னால் யாரும் உடனே நம்பிவிட மாட்டார்கள். எண்ணெய் நிறுவனத்தின் திருச்சி அலுவலகத்தில் அன்று போனை எடுத்தவரும் நம்பவில்லை. "பக்கத்துல பீடி கீடி பிடிச்சிருப்பாரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண் விடவில்லை, மறுபடியும் கூப்பிட்டாள். அந்த முறை போன் அனுசுயாவிடம் வந்தது.

அனுசுயா அந்த எண்ணெய் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. மாவட்டத்திலுள்ள பங்க்குகளுக்குப் போய், பெட்ரோலும் டீசலும் விதித்த தரத்தில் இருக்கின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை.

"எங்க வீட்டுக்காரருக்கு பீடி, சிகரெட்டுன்னு ஒரு பழக்கமும் கிடையாதுங்க" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் அமிர்தம், ஊர் திருவெள்ளறை. "நாத்தங்காலுக்குத் தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தாரு. பெரிய கேன்லேர்ந்து சின்ன வாளியில எடுத்து இன்ஜினுக்கு ஊத்துனாரு. எத்தனையோ வருஷமா அப்படித்தான் ஊத்துறாரு. புகைக்குழாயிலேர்ந்து ஒரு பொறி வந்துச்சு, அவ்வளவுதான். பெரிய கேன் இன்னும் வரப்புமேலதான் இருக்கு. வந்து பாருங்க."

அனுசுயா முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காய வார்டின் கண்ணாடிக்கு அப்பால் அமிர்தத்தின் கணவர் வெள்ளைச்சாமி படுத்திருந்தார். கட்டுகளுக்கு நடுவே மனிதரின் முகம் எது என்று தெரியவில்லை. அங்கிருந்து நேரே திருவெள்ளறைக்குப் போனாள். வரப்பிலிருந்த கேனின் மூடியைத் திறந்ததுமே டீசலின் கனத்த வாடையை மீறிக்கொண்டு பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

ஆய்வகத்தில் அதைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, பிறகு மெல்லச் சூடேற்றி, அவ்வப்போது ஒரு சின்னச் சுடரைக் கிட்டே காட்டினாள். முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே டீசலின் ஆவி பற்றக் கூடாது என்பது விதி. இது குளிர்ந்திருக்கும்போதே பற்றியது. நீலத் தீ ஒன்று கிண்ணத்தின் வாயில் ஓடி அணைந்தது. அவள் திரும்பவும் செய்து பார்த்தாள். திரும்பவும் ஓடியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ அறிக்கைகளில் அவள் எழுதிய எண்தான் அந்த முப்பத்தைந்து. அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வாளியோடு நிற்கிறான் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மேலதிகாரி பீமராவ் முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேன்ல இருக்கறது சாட்சி ஆகாது அனுசுயா. பங்க்ல, டீலர் முன்னாடி, பம்ப்லேர்ந்து பிடிச்சு சீல் வெச்சாத்தான் சாம்பிள். கேன்ல யார் வேணா எதை வேணா ஊத்தியிருக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். நேர்மையான டீலர்மேல் யாரும் வீண்பழி போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

வெள்ளைச்சாமி டீசல் வாங்கிய பங்க் லால்குடி சாலையில் இருந்தது. டீலர் ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர். அளவிலோ தரத்திலோ அவர்மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. அவர் முன்னிலையிலேயே அனுசுயா சாம்பிள் எடுத்தாள், சீல் வைத்தாள், சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நடுவில் புது லோடு வந்து இறங்கியிருந்தது. தொட்டியில் முன்பு இருந்தது விற்றுத் தீர்ந்துபோயிருந்தது.

விற்றுத் தீர்ந்தது எங்கே போயிருக்கும் என்ற கேள்வி சோதனை முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. லாரிக்குப் போனது ஓடி எரிந்திருக்கும். கேனில் போனது?

அன்று மாலையே திரும்பப் போனாள். ரங்கநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாம்பிள் பாஸாயிடுச்சுன்னு சொன்னாங்களேம்மா?"

"ஆயிடுச்சு சார். நான் அதுக்கு வரலை. போன வாரம் உங்ககிட்ட கேன்ல டீசல் வாங்கினவங்க வேற யார் யாரு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தக் கேனெல்லாம் இப்ப யார் வீட்டுலயோ இருக்கு. அடுப்புப் பக்கத்துல இருக்கலாம், பிள்ளைங்க படுக்கற இடத்துல இருக்கலாம். உங்க மேல என்னால ஒண்ணையும் நிரூபிக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும். ஆனா அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"எங்க டீசல்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் அவர். சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அனுசுயா எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, கே.கே. நகரில் அவள் வீட்டு வாசலில் பங்க்கின் சின்ன வேன் நின்றது. ஓட்டி வந்தவர் ரங்கநாதனேதான். சவரம் செய்யாத முகம், கசங்கின சட்டை.

"வாங்கம்மா. எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றார்.

காவிரிப் பாலம் தாண்டினார்கள். அவர் தானாகவே சொன்னார். டேங்கர் வந்தபோது பெட்ரோல் குழாயை டீசல் தொட்டியில் மாட்டிவிட்டார்கள். பார்த்ததும் நிறுத்தியாகிவிட்டது. அதற்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அவ்வளவு டீசல்ல இத்தனூண்டு பெட்ரோல் என்ன பண்ணிடும்னு நினைச்சேன். கம்பெனிக்குச் சொன்னா தொட்டியைக் காலி பண்ணிக் கழுவணும், பங்க்கை மூடணும். உழவு சமயம். வித்துடுங்கடான்னு நான்தாம்மா சொன்னேன்."

முதல் வீடு எங்கே என்று அனுசுயா கேட்டாள்.

லால்குடியில் மருதை என்பவரின் மாட்டுக் கொட்டகையில் அரைக் கேன் இருந்தது. "தரம் கொஞ்சம் சரியில்லைங்க, திருப்பி எடுத்துக்கறோம்" என்றார் ரங்கநாதன். அடுத்த வீட்டில் "பெட்ரோல் கலந்துடுச்சுங்க" என்றார். இப்படியே ஊர் ஊராகப் போனார்கள். கேன்களை அனுசுயாவைத் தொடவிடாமல் அவரே தூக்கி வந்து வேனில் வைத்தார். கடைசியாக ராசாத்தி என்ற பெண்ணின் வீடு. கேன் அடுப்படியிலேயே இருந்தது.

"நேத்து விறகு பத்தலைன்னு இதுலேர்ந்து ஒரு மூடி ஊத்தப் போனேன். அதுக்குள்ள பக்கத்து வீட்டுல கூப்பிட்டாங்க, அப்படியே விட்டுட்டேன்" என்றாள் ராசாத்தி, சாதாரணமாக.

ரங்கநாதன் கேனின் மூடியை இறுக்கித் திருகினார். "அம்மா, தப்புன்னு தெரிஞ்சே வித்துட்டேன்" என்றார். ராசாத்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தபடி நின்றாள்.

திரும்பி வரும் வழியில், கொள்ளிடம் பாலத்துக்குச் சற்று முன்னால் அனுசுயாவின் போன் அடித்தது. அமிர்தம்தான்.

"போயிட்டாருங்க" என்றாள்.

பக்கத்திலிருந்த ரங்கநாதனுக்கும் அது கேட்டுவிட்டது. வேனை ஓரம் கட்டினார். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. லாரிகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின.

அனுசுயா ஒளிக்காமல் சொன்னாள். "இனிமே இது லைசென்ஸோட போற விஷயம் இல்ல சார். நீங்க வாக்குமூலம் குடுத்தா ஜெயிலுக்கும் போகலாம். நான் கேட்டதை நான் எழுதத்தான் போறேன். ஆனா நீங்க மறுத்துட்டா என் வார்த்தை மட்டும்தான் மிச்சம்."

அவர் வண்டியை எடுத்தார். பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம், அவர் வீடு. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவர் திரும்பவில்லை.

"உங்க ஆபீஸுக்கே போயிடலாம்மா. வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் இருக்காது."

பீமராவ் முன்னால் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். பங்க்குக்குச் சீல் வைத்தார்கள். போலீஸ் கூட்டிப்போனது, பிறகு ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. தீக்காயம் என்று புகார் வந்தால், சாட்சி ஆகாவிட்டாலும் கேனில் இருப்பதை அன்றே சோதித்து, வாங்கிய மற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்று அனுசுயா ஒரு நடைமுறை எழுதிக் கொடுத்தாள். பீமராவ் ஒரு வார்த்தை மாற்றாமல் மேலே அனுப்பினார்.

வெள்ளைச்சாமியின் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் திருவெள்ளறைக்குப் போனாள். அமிர்தம் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த பங்க்காரரு வந்தாருங்க" என்றாள். "அந்த வேப்பமரத்துக்கிட்டயே நின்னாரு. நான் உள்ள கூப்பிடலை."

கூப்பிட்டிருக்கலாம் என்று அனுசுயா சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை.

"மத்த கேனெல்லாம் என்னாச்சுங்க?"

"தெரிஞ்ச எல்லா வீட்டுலயும் எடுத்துட்டோம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

அமிர்தம் தலையாட்டினாள். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, நாற்று மஞ்சளடித்துக் கிடக்கிறது, வாய்க்காலில் தன் முறைத் தண்ணீரை இன்றைக்குத் தவறவிட்டால் இனி கிடைக்காது என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் நடந்தாள்.