றஸீனாவின் மூச்சு

மாரி மழை விட்ட பிறகும் நஸீபாவின் இழுப்பு விடவில்லை. ஆஸ்மா அவளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு மாரிக்கும் மூக்கடைத்துத் தடிமன் வரும், பின்னாலேயே இழுப்பு வரும், பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தால் அடங்கிவிடும். இந்த முறை தடிமன் போய்விட்டது. இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. அதைவிட, அந்தச் சத்தம் அவளுடையதாக இல்லை.

அவளுடைய இழுப்பு மெல்லிய விசில்போல இருக்கும். இப்போதோ வலது விலாவுக்குப் பின்னால், ஈர மணலை யாரோ காலால் அரைப்பதுபோல் கரகரவென்று வேறொன்று கேட்டது. அது அவளுடைய மூத்த சகோதரி றஸீனாவின் மூச்சு. சில வருடங்களுக்கு முன், ஓட்டமாவடியில் இதே வீட்டில், அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நஸீபா தன் ராத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வருத்தம், ஆஸ்மா. ஆஸ்பத்திரிக்குப் போன ராத்தா மூச்சடங்கி மையித்தாகத்தான் வீடு திரும்பினாள்.

அதனால் நஸீபா யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலையும் சொல்லவில்லை, துணியில் துப்பிய பச்சைச் சளியையும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், உடம்பு நடுங்க அவள் சுடுதண்ணி வைக்கக் குசினிக்குள் போனபோது றஸீனா அங்கே இருந்தாள். சின்ன முக்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து, தோள்கள் ஏறி இறங்க இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூச்சு மட்டும் விட்டாள். நஸீபா தன் மூச்சை அடக்கினாள். அந்த மூச்சும் நின்றது. விட்டாள், அதுவும் விட்டது. "ராத்தா?" என்றாள்.

"யாரோட கதைக்கிறீங்க சாச்சி?"

வாசலில் நிஸ்மியா நின்றாள். றஸீனாவின் ஒரே மகள்; உம்மா போனதிலிருந்து சாச்சியோடுதான் இருக்கிறாள். வந்தாறுமூலை கம்பஸிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

"உங்கட உம்மா வந்திருக்கா."

நிஸ்மியா வெறும் முக்காலியைப் பார்த்தாள். கிட்ட வந்து சாச்சியின் நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது.

"இந்தக் காய்ச்சலோடயா இருக்கிறீங்க?"

"பம்ப் அடிச்சா... சரியாயிரும்." ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"அடிச்சும் சரியாகல்லயே. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"வேணா மகள். அங்க போனா... வரமாட்டன். உங்கட உம்மா என்னக் கூப்பிடத்தான்... வந்திருக்கா."

நிஸ்மியா அந்த முக்காலியைத் திரும்பவும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உம்மா வந்திருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போங்கண்டு சொல்லத்தான் வந்திருப்பா."

அதற்கு மறுத்துச் சொல்ல நஸீபாவிடம் மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் போட்டார்கள், முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகு டொக்டர் கேதீஸ்வரி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு.

"ஆஸ்மாக்காரங்களுக்கு இழுப்புக் கூடுறது அனேகமா வைரஸாலதான். அதுக்கு அன்டிபயோட்டிக் கேட்காது, நாங்க குடுக்கிறதும் இல்ல. உங்களுக்கு வேற மாதிரி. தடிமனுக்குப் பின்னால பக்டீரியாக் கிருமி இறங்கி நியூமோனியா ஆக்கியிருக்கு. அதுதான் ஆஸ்மாவை அடங்க விடாமக் கிளப்புது. பம்ப் சுருங்கின குழாயத் திறக்கும், கிருமியக் கொல்லாது."

"என்ட ராத்தாக்கும்... இதே சத்தம்தான் கேட்டது டொக்டர். இதே சளி."

டொக்டர் படத்தை இறக்கினார். "அவவ நான் பாக்கல்ல. பாக்காமச் சொல்ல ஏலாது."

ஊசி வழியாக அன்டிபயோட்டிக் ஏறியது. மூச்சுக்குழாய் வீக்கம் வற்ற வேறு மாத்திரைகளும் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. விலாவுக்குப் பின்னால் அரைத்துக்கொண்டிருந்த மணல் மெல்ல மெல்லக் கரைந்தது. இழுப்பு இல்லாத நாளிலும் தவறாமல் எடுக்கவென்று இன்னொரு பம்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் ஒரு பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு நஸீபா பாயிலேயே இருந்தாள். நிஸ்மியா பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மாக்கும் இந்த மருந்து குடுத்திருந்தா?"

"தெரியா மகள். டொக்டருக்கும் தெரியா."

நிஸ்மியா கிட்ட நகர்ந்தாள். சாச்சியின் முதுகில், வலது விலாப் பக்கம், மெல்லக் காதை வைத்தாள். நஸீபா ஆழமாக இழுத்து விட்டாள்.

"என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கல்ல சாச்சி."

ஆனால் காதை எடுக்கவில்லை. நஸீபாவின் முதுகில் சட்டை ஈரமாகியது.

"இன்னொருக்கா மூச்சு விடுங்க," என்றாள் நிஸ்மியா.