வறண்ட வருஷங்களை விட்ட கணக்கு

விடிவதற்கு முன்பே ஆற்றில் இறங்கியாகிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று, சாயமேறிய துணியைக் கல்லில் அறைந்து, புரட்டி, மறுபடி அறைய வேண்டும். நீலம் நகக்கண்ணில் புகுந்துவிட்டால் எந்த சோப்புக்கும் அசையாது. சரவெடிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. அந்த வாய்க்காகத்தான் ஆலையில் அவளுக்கு அப்படியொரு பெயர்.

"நம்ம முதலாளிக்கு எவ்வளவு இரக்கம் பாருங்க. ஆறு வத்தினா நாம வெயில்ல காயக் கூடாதாம். நமக்கும் லீவு, சம்பளத்துக்கும் லீவு."

பக்கத்தில் நின்றவர்கள் வயிற்றெரிச்சலோடு சிரித்தார்கள். ஆறு வற்றும் மாதங்களில் இதுவரை கிடைத்த அரைச் சம்பளமும் இனி இல்லை என்கிறது புது ஒப்பந்தம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் வறட்சிக்கு எதற்குப் பயம் என்று கேட்டார் முதலாளி. ஆலை இன்ஜினீயர் கணக்கே போட்டுவிட்டாராம். கல்யாணமாகி வந்த பிறகே மூன்று தடவை ஆறு வறண்டதைச் சரவெடி பார்த்திருக்கிறாள். ஆனால் கணக்கு என்று ஒன்றை நீட்டிவிட்டால் நம் ஞாபகத்தை யார் மதிக்கிறார்கள்?

மத்தியானம் சரவெடியின் தம்பி பெண்டாட்டி கரைக்கு வந்தாள். இன்ஜினீயருக்குக் கீழே கணக்குப் போடுகிறவள் அவள்தான். தம்பி காலொடிந்து படுக்கையில் கிடக்க, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"அக்கா, அந்தக் கணக்கு தப்பு," என்றாள். "ஒவ்வொரு வருஷமும் ஆறு ரொம்ப வத்தினப்போ எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு எடுத்து, வரிசையா அடுக்கி, ஒரு வளைகோடு போடுவோம். எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வறட்சி வரும்னு அதுல தெரியும். கோடு போட லாகரிதம்னு ஒரு கணக்கு எடுக்கணும். பூஜ்யத்துக்கு அது கிடையாது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சொட்டுத் தண்ணி ஓடாத வருஷத்தையெல்லாம் தூக்கி ஓரமா போட்டுட்டாங்க. அதையும் சேர்க்க முறை இருக்கு. நான் சேர்த்துப் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு ஒருக்கா வறளும்."

"இன்ஜினீயருக்குத் தெரியாதா?"

"தெரியும். பேசாம இருன்னாரு."

நீயும் பேசாமல் இரு என்று சொல்லத்தான் சரவெடிக்கு நாக்கு துடித்தது. தம்பியின் முகம் கண்ணுக்குள் நின்றது. பசியில் அழுத மகளை அடித்துத் தூங்கவைத்த ஒரு கோடையும் நின்றது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வா, எல்லார் முன்னாடியும் சொல்லு," என்றாள்.

சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எல்லோரும் ஆபீஸில் கூடியபோது, தம்பி பெண்டாட்டி அத்தனையும் சொன்னாள். இன்ஜினீயர் மேஜையைப் பார்த்தபடி இருந்தார்.

"அதெல்லாம் விதிவிலக்கான வருஷங்கம்மா," என்றார் முதலாளி. "கணக்குல சேராது."

"அந்த வருஷங்கள்லயும் எங்களுக்கு வயிறு இருந்துச்சுங்க," என்றாள் சரவெடி. "வறட்சியை விட்டுட்டு வறட்சிக்குக் கணக்கா? நோயாளியை வெளியே அனுப்பிட்டு ஊர்ல நோயே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

முதலாளி அவளை விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

பயந்தது நடந்துவிட்டது. சரவெடி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயத்தொட்டிக்காரப் பெரியவர், யார் வம்புக்கும் போகாதவர், பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமினார்.

"அப்போ நாங்களும் வரலைங்க. கணக்கை மாத்துங்க, அந்தப் பொண்ணையும் திரும்ப எடுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் தண்ணியில கால் வைக்க மாட்டோம்."

முதலாளி சிரித்தார். ஒருவரும் கையெழுத்துப் போடாமல் வெளியே போனதும் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை ஆற்றில் தண்ணீர் இருந்தது. கரை நெடுக ஜனம் உட்கார்ந்திருந்தது. தம்பி பெண்டாட்டி தயங்கித் தயங்கி வர, பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வீட்டில் அடுத்த மாதத்துக்கு என்ன வழி என்று சரவெடிக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை.

மேஸ்திரி மூச்சு வாங்க ஓடிவந்தார். "என்ன விளையாட்டு இது? இன்னைக்கு எத்தனை துணி அலசினாங்கன்னு முதலாளி கேட்பாரே, நான் என்னன்னு சொல்ல?"

"பூஜ்யம்னு சொல்லுங்க," என்றாள் சரவெடி. "இதையாவது விட்டுடாம கணக்குல சேர்க்கச் சொல்லுங்க."