மதிப்பிற்குரிய தேடல் பெட்டி அவர்களுக்கு

எது சரி, எது தவறு என்று கட்டுரைகள் வெளியிடும் அறத்துணை அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒரு தேடல் பெட்டி உண்டு. அதில் ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் வரும் கட்டுரைகளை எடுத்துக் கொடுக்கும். 'வாக்குறுதி' என்று தட்டினால் ஏழு கட்டுரைகள் வரும். 'பொறாமை' என்றால் நான்கு. அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது.

ஆனால் தூத்துக்குடிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கத்தானே செய்வார்? எனவே முதலில் வணக்கம் சொல்வார்கள், நலம் விசாரிப்பார்கள், அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். 'பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்து காய்த்தால் காய் யாருக்கு சார்' என்று கேட்பார்கள். பெட்டி கட்டுரைகளைத் துழாவிவிட்டு, 'முடிவுகள்: 0' என்று சொல்லும்.

இப்படிப் பெட்டி கைவிட்ட கேள்விகளின் பட்டியலை ஒவ்வொரு நாள் காலையிலும் படிப்பது ஷஃபீகாவின் வேலை. தளத்துக்கு வருகிறவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக அவளை வைத்திருந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். துறைமுகச் சாலையில் மாடியில் இரண்டு அறை அலுவலகம். அவளுக்கு எதிர் மேசையில், தளத்தைக் கட்டி மேய்க்கும் கிளாட்வின். புன்னைக்காயல்காரன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலைத் திறந்தவள், வாய்க்குக் கொண்டுபோன தேநீரை அப்படியே கீழே வைத்தாள்.

காலை எட்டே காலுக்கு ஒருவர் ஒரு முழுக் கடிதத்தைத் தேடியிருந்தார். பெட்டியில் ஓரளவுக்கு மேல் எழுத முடியாது என்பதால், கடிதம் ஆறு துண்டுகளாக வந்திருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பெட்டி தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, நான் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு'

'நீங்கள் தேடியது கிடைக்கவில்லை. சொற்களைக் குறைத்துத் தேடுங்கள்.'

'குறைத்துக்கொள்கிறேன் ஐயா. பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இன்று மாலை நான்கு மணிக்குப் பெண் வீட்டார் என் கடைக்கு விசாரிக்க வருகி'

'கிடைக்கவில்லை. பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.'

'இருக்கிறது ஐயா. பிழை என்னுடையதுதான். பையனுக்குப் பழக்கம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அவன் தினமும் மூன்று சிகரெட் பிடிக்கிறான்.'

'அவன் வீட்டுக்கே இது தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்றையும் விற்பவன் நான்தான்.'

'உண்டு என்றால் கல்யாணம் நின்றுபோகும். இல்லை என்றால் நான் கும்பிடுகிற சாமிக்கு என்ன பதில் சொல்வேன்?'

'தயவுசெய்து நான்கு மணிக்குள் பதில் போடவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'

அதோடு நின்றிருந்தது. பெயர் இல்லை, தெரு இல்லை, தொலைபேசி எண் இல்லை. ஆனால் ஆள் போய்விடவில்லை. ஒன்பது ஐந்துக்கு 'பதில் வந்ததா ஐயா' என்று தேடியிருந்தார். ஒன்பது இருபதுக்கு 'வேலையாக இருக்கிறீர்களா'. இரண்டுக்கும் முடிவுகள் பூஜ்யம்.

பெண் கொடுக்கிறவர்கள் பையனைப் பற்றி அவன் தெருக் கடையில் விசாரிப்பது ஊர் வழக்கம். ஒரு சோப்போ கால் கிலோ வெல்லமோ வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணுகிற சாக்கில் கேட்பார்கள். பையனின் அம்மா சொல்வதையும் தரகர் சொல்வதையும் விடக் கடைக்காரர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். ஒரு வீட்டுக்குள் என்ன போகிறது என்பது அவருக்குத் தெரியுமல்லவா?

"கிளாட்வின், இவருக்கு எப்படிப் பதில் போடுறது?"

கிளாட்வின் எட்டிப் பார்த்தான். "போட முடியாதுக்கா. தேடல் பெட்டிக்கு வாரவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. 'உங்கள் கேள்வி' படிவத்துல எழுதியிருந்தா மூணு பேர் குழுவுக்குப் போகும்."

"குழு எப்பம் பதில் சொல்லும்?"

"பதினஞ்சு நாள்ல."

"அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிரும்ப்பா."

ஷஃபீகா திரையில் ஒரு வரியை விரலால் காட்டினாள். பிறகு கேட்டாள்: "இந்தக் 'கிடைக்கவில்லை'ங்கிறது யார் எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"மாத்தி எழுத முடியுமா?"

கிளாட்வினுக்குப் புரிந்ததும் சிரித்துவிட்டான். "அக்கா, அது தேடிக் கிடைக்காத எல்லாருக்கும் தெரியுமே!"

"தெரியட்டும். அவர் விஷயத்தை அதுல சொல்ல வேண்டாம்."

பத்து நிமிடத்தில் பெட்டியின் பதில் மாறியது. 'காலை எட்டே காலுக்கு ஆறு துண்டாக எழுதிய அண்ணாச்சி அவர்களுக்கு: உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த எண்ணுக்கு அழைக்கவும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.' கீழே அலுவலக எண்.

முதல் அழைப்பு வேம்பாரிலிருந்து வந்தது. அண்ணாச்சி கடையில் செக்கு எண்ணெய் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். இரண்டாவதாக ஒரு பெண், தான் எட்டே காலுக்கு எழுதவில்லை, எட்டரைக்குத்தான் எழுதினேன், பரவாயில்லையா என்றாள். முருங்கைக்காய்க்காரரும் அழைத்தார். ஷஃபீகா ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு வேண்டிய பக்கத்தைக் காட்டிவிட்டு வைத்தாள். பதினொன்றரைக்கு ஒரு தணிந்த குரல் கேட்டது; தெளிவாக விழாததால் ஷஃபீகா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாயி, ஆறு துண்டு நான்தான்."

"சொல்லுங்க அண்ணாச்சி. பேர் வேண்டாம்."

"பேர் சொல்லாமப் பேசினா மொட்டைக் கடுதாசி மாதிரில்லா இருக்கு. சிவனணைந்தபெருமாள். உள்ள இருந்த சாரு எங்க? முதல்ல ரொம்பக் கண்டிப்பாப் பேசினாரே!"

"அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். உங்க போன்ல எங்க தளம் திறந்திருக்கா?"

"பெரிய போன்ல இருக்கு. சரக்கு ஆர்டர் போடுத பட்டன் போன்லதான் பேசுதேன்."

"நல்லது. மேல வலது பக்கம் மூணு கோடு தெரியுதா?"

"நெத்தில பட்டை போட்ட மாதிரி இருக்கே, அதா?"

"அதேதான்."

"கும்பிட்டுட்டு அமுக்கணுமோ?"

"அமுக்கினா போதும் அண்ணாச்சி. அதுல 'அன்றாடச் சிக்கல்கள்'னு வரும். அதைத் தொடுங்க. 'பிறரைப் பற்றி நம்மிடம் கேட்கும்போது'னு ஒரு கட்டுரை இருக்கும். மெதுவா மேல தள்ளுங்க."

"அடியில போயிட்டேன் தாயி. இங்கன உங்க விலாசம்லா இருக்கு."

"மெதுவா, மெதுவா."

ஒருவழியாகக் கட்டுரை கிடைத்தது. அவர் எழுத்துக்கூட்டுவதுபோல் வாய்விட்டுப் படித்தார். நாம் சொல்லப்போவது நாமே கண்டதா, கேள்விப்பட்டதா? நாம் மறைத்தால் கேட்பவருக்குத் தீங்கு வருமா? "வரும், வரும்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். மூன்றாவது கேள்வியில் குரல் நின்றது.

"சம்பந்தப்பட்டவர் தாமே சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததா?"

கடையில் யாரோ தேங்காய் கேட்டார்கள். "செத்த பொறு ஏளா, படிச்சிக்கிட்டிருக்கேன்" என்று அதட்டிவிட்டு, அவர் போனுக்குத் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்லுத? அவனையே சொல்லச் சொல்லவா?"

ஷஃபீகா எதிர் மேசையைப் பார்த்தாள். கிளாட்வின் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வழி காட்டலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. நல்ல விதிதான், அவளும் ஒத்துக்கொண்டதுதான். அன்றைக்கு அது செருப்புக்குள் கல்லாக உறுத்தியது.

"நான் பக்கத்தைக் காட்டத்தான் முடியும் அண்ணாச்சி. ஆனா லைன்லயே இருக்கேன். நீங்க வைக்கிற வரைக்கும் வைக்க மாட்டேன்."

அவள் கணவர் அம்மார் சவூதியில் இருந்தார். பேச விஷயம் தீர்ந்துபோன பிறகும் இருவரும் போனை வைப்பதில்லை. அவர் அங்கே துணி மடிப்பார், இவள் இங்கே வெங்காயம் உரிப்பாள். வைக்காமல் இருப்பதும் ஓர் உதவிதான் என்று அவளுக்குத் தெரியும்.

சிவனணைந்தபெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கடையில் புதிய குரல் ஒன்று கேட்டது.

"அண்ணாச்சி, ஒண்ணு கொடுங்க."

"வந்துட்டான்" என்று போனில் கிசுகிசுத்தார் அண்ணாச்சி. பிறகு அதைக் கல்லாவின் மேல் வைத்திருப்பார் போலிருந்தது. "ஏலே வேல்ராசு, உள்ள வா."

"என்ன அண்ணாச்சி, முகமே ஒரு மாதிரி இருக்கு?"

"நாலு மணிக்கு உனக்கு விசாரிக்க வாராங்கள்லா?"

"ஆமா. நீங்கன்னா நல்லதாச் சொல்லுவீங்கன்னுதான உங்க கடையைக் கைகாட்டினேன்."

"நல்லதாத்தாம்லே சொல்லுவேன். உங்க அம்மை ஆஸ்பத்திரில கெடந்தப்போ ரெண்டு மாசம் கூடவே கெடந்தியே, அதைச் சொல்லுவேன். கப்பல் ஆபீஸ்ல ஒரு நாள் லீவு போடாமப் போறதைச் சொல்லுவேன். பழக்கம் உண்டாம்பாங்களே?"

"இல்லைன்னுருங்க."

"அப்பம் இந்த மூணை எங்கன கொண்டு வைக்க?"

"கல்யாணத்துக்குப் பொறவு விட்டுருவேன் அண்ணாச்சி."

"போன தைப்பொங்கலுக்கும் விட்டுருவேன்னுதாம்லே சொன்ன." அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "பாருலே. நான் சொன்னா அது கோள். நீ சொன்னா அது பேச்சு. நாலு மணிக்கு நீயும் வா. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது.

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நின்னு போனாலும் பக்கத்துல நிக்கேம்லே."

கொஞ்சம் கழித்து வேல்ராஜ், "சரி, இப்பம் அந்த ஒண்ணைக் கொடுங்க" என்றான்.

"போலே அங்கிட்டு!"

மாலையில் அஸர் தொழுகைக்கு அலுவலகத்தின் பின் அறையில் விரிப்பை விரித்தாள் ஷஃபீகா. சிகரெட்டைப் பற்றி இறைவனிடம் பேசியது அவளுக்கு அதுவே முதல் முறை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. அந்தப் பையனுக்கு நாக்கு எழும்பட்டும், கேட்கிறவருக்கு மனம் இளகட்டும் என்று கேட்டு முடித்தாள். வெளியே வந்தபோது கிளாட்வின், "பனிமய மாதாட்ட நானும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்" என்றான்.

ஐந்து மணி பஸ்ஸை அவள் விட்டுவிட்டாள். ஐந்தே காலுக்குப் போன் அடித்தது; எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"தாயி, செல்லத்தாய்னு பொண்ணோட அத்தைக்காரி வந்தா. ஒரு சோப்பு கேட்டா, எடுத்துக் கொடுத்தேன். பையன் எப்படின்னா, தங்கமான பையன்னேன். பழக்கம் ஏதும் உண்டாண்ணு அவ இழுக்கதுக்குள்ள இவன் முந்திட்டான். 'தினம் மூணு சிகரெட் பிடிக்கேன். எங்க அம்மைக்குத் தெரியாது. விடப் பாத்தேன், முடியல'ன்னுட்டான். அவ என்னையப் பாத்தா. 'மூணுதானா அண்ணாச்சி?'ன்னா. 'மூணுதான், விக்கது நான்தான்'னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன! அவனை விட்டுட்டு என்னையப் பிடிச்சிக்கிட்டா. 'ஒரு கையில தீப்பெட்டியை நீட்டுதீரு, இன்னொரு கையால சர்டிபிகேட் கொடுக்கீரு, நல்லாருக்கே உம்ம நியாயம்!'னு கால் மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. தெருவே கூடிட்டு."

கிளாட்வின் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். ஷஃபீகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கல்யாணம் அண்ணாச்சி?" என்றாள்.

"ஐஸ்வர்யாவுக்கு, அதான் அந்தப் பொண்ணுக்கு, போனைப் போட்டு அவன் கையிலயே கொடுத்துட்டா. 'மூணாம் மனுசி நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு'ன்னா. இப்பம் பேசிக்கிட்டிருக்கான்."

"என்ன பேசுறாங்க?"

"அதை நான் கேக்கலாமா தாயி? நான் வத்தல் மூட்டைக்கு அங்கிட்டு வந்துல்லா நிக்கேன். அத்தைக்காரி காதுல விழுந்திரக் கூடாதுன்னுதான் ரேடியோவைச் சத்தமா வச்சிருக்கேன். அவ அது தெரியாம, 'இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும்'ங்கா."

யாரோ ரேடியோவைத் தணித்தார்கள். "அண்ணாச்சி!" என்ற வேல்ராஜின் குரல் அருகில் வந்தது.

"என்னலே, வச்சிட்டாளா?"

"வைக்கலை, லைன்லதான் இருக்கா. கோவமாத்தான் இருக்கா. ஆனா ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசணுமாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுதா."

"என்கிட்டயா? என்னவாம்?"

"நாளைக்குக் காலைல நான் வந்து கேட்டா, நீங்க கொடுப்பீங்களாண்ணு."

ஷஃபீகா காத்திருந்தாள்.

"தாயி," என்றார் அண்ணாச்சி மெல்ல. "இதுக்கு எந்தப் பக்கத்தைத் தொடணும்?"

"இதுக்குப் பக்கம் இல்லை அண்ணாச்சி."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"கொடுக்க மாட்டேன்னு சொல்லுலே. உனக்கு மட்டும் இல்ல, இந்தக் கடைல இனி யாருக்கும் கிடையாது. ஆனா நீ பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கினா அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. அதையும் சேத்துச் சொல்லிரு. பொய் சொல்லக் கூடாதுல்லா."

வேல்ராஜ் அதை ஒரு சொல் விடாமல் மற்றப் போனில் ஒப்பித்தான். மறுமுனையில் பதில் வரும்வரை ஷஃபீகாவும் கிளாட்வினும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள்.

"என்னலே சொல்லுதா?"

"பஸ் ஸ்டாண்டை அவ பாத்துக்கிடுவாளாம் அண்ணாச்சி."