உலகப் பூங்காவில் பெண் பார்த்த கதை

மாத்தளை டவுனுக்கு வெளியே, மழை பெய்தால் எருமை படுக்கும் ஒரு வெறுங்காணியைத் தகரம் அடித்து மறைத்து, 'உலகத் திருவிழாப் பூங்கா' என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்துவிட்டார்கள். டிசம்பர் விடுமுறை முடியும்வரை உலகம் அங்கேதான் இருக்கும். பிறகு லொறியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

தனுஷாவை அங்கே கூட்டிப்போனது அவளுக்கு உலகத்தைக் காட்டுவதற்கு அல்ல. அவளைக் காட்டுவதற்கு.

அவளுடைய அம்மா கமலாட்சியின் குடும்பத்தில் பெண் பார்க்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால், அக்கம்பக்கம் அதையே ஒரு வருஷத்துக்கு வெற்றிலை மாதிரி மெல்லும். அதனால் தேர்த் திருவிழாவிலோ சந்தையிலோ, தற்செயலாகச் சந்தித்தது போல இரண்டு வீட்டாரும் சந்திப்பார்கள். மாப்பிள்ளை ஏதாவது தின்பண்டம் வாங்கிப் பெண்ணிடம் நீட்டுவான். அவள் கையில் வாங்கிவிட்டால் சம்மதம். அங்கேயே நாள் குறிக்கலாம். வாங்காவிட்டால் அன்றைக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் பஸ்ஸில் அவரவர் வீட்டுக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்காமல் விட்ட பெண் என்று ஒருத்தியைத் தனுஷா கேள்விப்பட்டதே இல்லை.

பத்தொன்பது வயது அவளுக்கு. வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரியும், நாக்குத்தான் எழும்பாது. நின்றுகொண்டே இருப்பாள், பின்வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் புத்தகப்பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவள், பிறகு அதை வெளியே எடுக்கவில்லை. வாய் பேசாதவளுக்கு மனசும் பேசாது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவள் மனசோ கோழிக்கடை மாதிரி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் தாய்மாமன் நாகமுத்து. மாப்பிள்ளை உதயராஜுக்குத் தம்புள்ளையில் ஹார்ட்வெயார் கடை. மாமா ஒரு மாதமாக அந்தக் கடையைப் பற்றிப் பேசிய பேச்சில், சீமெந்து மூட்டையைக் கட்டிக்கொள்ளத்தான் தன்னை அனுப்புகிறார்களோ என்று தனுஷாவுக்குத் தோன்றியது.

புறப்படும் முன் அம்மா ஒரு வேலை செய்தாள். சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு போட்டு, பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றி, முட்டையும் பொரித்து வைத்தாள். தின்று முடித்தவளுக்கு மறுபடியும் ஒரு அகப்பை.

"போதும்மா."

"தின்னு."

"ஏய் கமலா, ஒனக்கு மூளை இருக்கா?" என்று வாசலில் இருந்து மாமா கத்தினார். "அங்க ஒலகச் சாப்பாடே இருக்கு. ஜப்பான் இருக்கு, அரேபியா இருக்கு. நீ என்னமோ கருவாட்ட திணிக்கிற. புள்ள ஏவ்வுன்னு ஏவறை விட்டா மாப்பிள்ள ஓடிருவாரு!"

அம்மா காதில் வாங்காமல் மூன்றாவது அகப்பையையும் போட்டாள். இந்த வீட்டில் எல்லாருக்குமே புத்தி மட்டு என்று நினைத்துக்கொண்டே தனுஷா விழுங்கினாள். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டவேண்டியதாயிற்று.

பூங்கா வாசலில் மூங்கிலில் கட்டிய ஈபிள் கோபுரம் நின்றது. உச்சியில் மின்விளக்கு, அதில் ஒரு காகம். கோபுரம் சாயாமல் இருக்கப் பக்கத்துப் பலாமரத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் அரேபியா. அங்கே ஒட்டகம் என்று நின்றது ஒரு கிழட்டு மட்டக்குதிரை. முதுகில் தலகாணி வைத்துத் துணியால் சுற்றியிருந்தது. பிள்ளைகள் ஏறி இறங்கியதில் தலகாணி வயிற்றுப் பக்கம் சரிந்துபோக, குதிரை ஒட்டகமாக நிற்கிற வெட்கம், திமில் வயிற்றுக்கு வந்த வெட்கம், இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தலையைத் தொங்கப்போட்டிருந்தது. சீனாவில் மாத்தளை பஸாரில் கிடைக்கும் அதே பிளாஸ்டிக் வாளி. சுவிட்சர்லாந்தில் சோப்பு நுரைதான் பனி. அது சேற்றில் விழுந்து கழுவாத சட்டி போலக் கிடந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே ஜெனரேட்டர், ஒரே புகை.

சுவிட்சர்லாந்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே 'மலையகம்' என்று ஒரு பலகை. அட்டையில் செய்த தேயிலைத் தோட்டத்து லயன் அறை, வாசலில் ஒரு அடுப்பு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண். அவள் பக்கத்தில் நின்று படம் எடுக்க வரிசை வேறு. தனுஷாவின் அப்பா பிறந்ததே லயத்தில்தான். இப்போது கத்தாரில் கட்டடம் கழுவுகிறார். அவர் பிறந்த அறையை டிக்கெட் போட்டுக் காட்டும் நாளும் வந்துவிட்டது.

"ஆகா, நம்மளயும் ஒரு நாடா ஆக்கிட்டானுங்க பாத்தியா!" என்று மாமா மார்பை நிமிர்த்திப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். நாடாம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அட்டைக்கு முட்டுக்கொடுத்த நாலு தடி.

அங்கேதான், தற்செயலாக, மாப்பிள்ளை வீட்டார் எதிரே வந்தார்கள்.

"அட! நீங்களும் வந்தீங்களா?" என்று மாமா வியந்தார். காலையிலிருந்து ஆறு தடவை போன் எடுத்து, எந்த நாட்டின் முன்னால் நிற்பது என்று பேசி முடிவுசெய்தவர் அவர்.

உதயராஜ் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக வந்திருந்தான். சேற்றுக் காணிக்கு வெள்ளைச் சப்பாத்து போட்டு வருகிறவனின் அறிவைத் தனுஷா அப்போதே அளந்துவிட்டாள். அவன் அம்மா சுந்தரம்மா தனுஷாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்; பிறகு காலிலிருந்து தலைவரை.

"புள்ள பேசுமா?"

"வாய் இல்லாத புள்ளைங்க," என்றார் மாமா, மாட்டுக்குச் சுழி சொல்வதுபோல. "அடிச்சாக்கூட சத்தம் வராது."

"அதான் நமக்கு வேணும், சம்பந்தி," என்றாள் சுந்தரம்மா கமலாட்சியைப் பார்த்து. கை நீட்டுவதற்கு முன்பே சம்பந்தியாம். கமலாட்சி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அமெரிக்கா கடையில் அவித்த சோளம் வாங்கி முதலில் நீட்டியது சுந்தரம்மாதான். தனுஷாவின் அம்மா குறுக்கே வந்து, "மாப்பிள்ளதாங்க குடுக்கணும், மொற" என்றாள். மாமா அந்தச் சோளத்தை வாங்கி, தனக்கே சம்பந்தம் முடிந்தமாதிரி கடித்துத் தின்றார்.

"சரி, நான் துருக்கி ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்," என்றான் உதயராஜ். "கொழும்புல நான் சாப்பிட்டிருக்கேன். இங்க உள்ளவங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

துருக்கிக் கடையில் சிவப்புத் தொப்பியும் தங்கச்சரிகை மேற்சட்டையும் ஒட்டு மீசையுமாக, நீளக் கம்பியால் மணியை அடித்துக்கொண்டு நின்ற துருக்கிக்காரனைத் தனுஷாவுக்கு அடையாளம் தெரிந்தது. கூடப் படித்த றுஸைனாவின் அண்ணன் நிஸ்தார். அவனுக்கும் இவளைத் தெரிந்தது. மீசைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வந்து போனது.

துருக்கி ஐஸ்கிரீம் விற்கிற விதமே தனி. கம்பி முனையில் கோனை ஒட்டவைத்து நீட்டுவார்கள். பிடிக்கப் போனால் மேலே தூக்குவார்கள், தலைகீழாகத் திருப்புவார்கள், வெறுங் கோனைக் கையில் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீமைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற சனம் சிரிக்கும். கடைசியில் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவன் கொஞ்ச நேரம் கோமாளியாக நிற்பதற்கும் சேர்த்துத்தான் அந்த வியாபாரம்.

உதயராஜ் கையை நீட்டினான். கோன் மேலே போனது. மறுபடி நீட்டினான். கோன் அவன் காதைச் சுற்றி வந்தது. சனம் சிரித்தது, அவனும் சிரித்தான். மூன்றாம் தடவை வெறுங் கோன் கையில் இருக்க, ஐஸ்கிரீம் கம்பியில் இருந்தது.

"மாத்தயா, கண்ண மூடிக்கிட்டு புடிச்சிப் பாருங்க!" என்றான் நிஸ்தார். துருக்கித் தமிழ் அவ்வளவு சுத்தம்.

ஒரு சின்னப்பிள்ளை கைதட்டியது. அதோடு உதயராஜின் சிரிப்பு நின்றது. நாலாம் தடவை கம்பி நீண்டபோது, அவன் பலகைக்கு மேலாக எட்டி நிஸ்தாரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். சிவப்புத் தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது.

"யாருகிட்டடா வெளாட்டு? நான் யாருன்னு தெரியுமா? கூலிக்கு நிக்கிற நாயி! குடுடான்னா குடுக்கணும்!"

நிஸ்தாரின் ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவன் கோனை எடுத்துக் கொடுத்தான். தொப்பியை எடுக்கக் குனிந்தான்.

சுற்றி நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். சுந்தரம்மாவின் முகத்தில் மட்டும் பெருமை வழிந்தது.

"எம் மகனுக்குக் கோவம் வந்தா எதுக்க ஒருத்தன் நிக்க முடியாது. வீட்லயும் அப்புடித்தான். தட்டு பறக்கும்! தங்கச்சி மாரு ரெண்டும் கப்சிப்புன்னு மூலைல இருக்கும்."

இதையும் ஒரு நகை மாதிரி எடுத்துக் காட்டுகிறாளே என்று தனுஷா நினைத்தாள். விற்கிற மாட்டின் முட்டுகிற பழக்கத்தைச் சந்தையில் மறைப்பார்கள். இவள் கூவிச் சொல்கிறாள், வாங்குகிறவளுக்கு வாய் இல்லை என்ற தைரியத்தில்.

உதயராஜ் திரும்பி, அதே கையால் கோனைத் தனுஷாவிடம் நீட்டினான். முகத்தில் இன்னும் சூடு தணியவில்லை.

"இந்தா. சாப்பிடு."

எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். மாமா பார்த்தார். சுந்தரம்மா பார்த்தாள். தொப்பியிலிருந்து சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த நிஸ்தாரும் பார்த்தான். வகுப்பில் எழும்பி நின்ற அதே நிலைதான். எல்லாக் கண்ணும் அவள்மேல். ஆனால் இங்கே நாக்கு எழும்ப வேண்டிய அவசியமில்லை. கை எழும்பாமல் இருந்தால் போதும். எழும்பாமல் இருப்பதில் அவளுக்குப் பல வருஷப் பழக்கம்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள்.

"வாங்கும்மா," என்றார் மாமா பல்லைக் கடித்து. "வெக்கப்படுது புள்ள."

அசல் துருக்கி ஐஸ்கிரீம் இலேசில் உருகாதாம்; பிசின்போல நிற்குமாம். இது மாத்தளை ஐஸ்கிரீம். முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு அது கோனைத் தாண்டி அவன் விரலுக்கு வந்தது, விரலிலிருந்து கையில் கட்டிய மணிக்கூட்டுக்கு, மணிக்கூட்டிலிருந்து வெள்ளைச் சட்டைக் கைக்குள். அவனால் கையை மடக்கவும் முடியவில்லை; மடக்கினால் தோற்றவன் ஆகிவிடுவான். நீட்டியபடியே நின்றான், சந்தியில் வைத்த சிலை மாதிரி. தனுஷா அந்த ரோஸ் நிற ஒழுக்கு முழங்கைவரை போவதை ஒரு பாடம் படிப்பதுபோலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா பொறுக்கமாட்டாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"கைய விடுங்கண்ணே," என்றாள் கமலாட்சி.

"கமலா, நீ சும்மா இரு—"

"வாங்கலன்னா விட்டுறணும். அதுவும் மொறதாங்கண்ணே."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மாமாவின் பிடி தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து, ஐஸ்கிரீம் முழுசாகக் கழன்று வெள்ளைச் சப்பாத்தின்மேல் பொத்தென்று விழுந்தது. யாரோ சிரிப்பை அடக்க முயன்று தும்மினார்கள்.

"ஊமக் கோட்டான்! இதுக்கா பெட்ரோல் எரிச்சிக்கிட்டு வந்தோம்!" என்று சுந்தரம்மா மகனை இழுத்துக்கொண்டு நடந்தாள். மாமா "தங்கச்சி, தங்கச்சி, கேளுங்க" என்று பின்னாலேயே ஓடினார்.

தனுஷா கடைப்பக்கம் திரும்பினாள். நிஸ்தார் மீசையை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கோணலா இருக்கு நானா," என்றாள், றுஸைனா தன் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே. தொண்டையிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் புள்ள?"

"ரெண்டு பக்கமும்."

மாமா இல்லாமலே அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்தபடி அம்மா பேசினாள்.

"எனக்கு ஒங்கப்பா முறுக்குதான் குடுத்தாரு. முத்துமாரியம்மன் தேர் அன்னைக்கு. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. ஒங்க மாமாதான், வெறும் வயித்துல இருந்தா மொகம் பொலிவா இருக்கும்னு சொல்லி பட்டினி போட்டாரு. மூணு மணிக்கு முறுக்கப் பாத்தேன். ஆளப் பாக்கல. வாங்கிட்டேன்."

தனுஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று அகப்பைச் சோறும் பொரித்த முட்டையும் வயிற்றில் இன்னும் கனமாக இருந்தன.

"அதுக்காத்தான் காலைல அவ்வளவு போட்டீங்களா?"

"பேசாம வா," என்றாள் கமலாட்சி. "இன்னும் எத்தனை பேர் வரப்போறானுங்களோ. இனி ஒனக்கு அரிசி கூடத்தான் போடணும்."

ஏறின நேரத்திலிருந்து நெஞ்சில் நின்ற கருவாட்டு ஏவறை அப்போதுதான் வெளியே வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். தனுஷா வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.